ராப் பாட்டில் ‘ஃப்ளோ’: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

இதுவரை இங்கே வங்கி, மருத்துவம், கணினி என்றுதான் சொல் தேடியிருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் தெருப்பக்கம் வாருங்கள். நான் ராப் பைத்தியம். வெள்ளிக்கிழமை விடிந்தால் புதுசாக என்ன பாட்டு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவதே. தமிழில் இது நல்ல காலம். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்ரா ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோது தமிழில் ராப் என்றாலே வேடிக்கைப் பொருள். 2012இல் ஹிப்ஹாப் தமிழா, 2019இல் ராப்பர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ‘தெருக்குறள்’ என்று படிப்படியாக ஏறி, இன்றைக்குப் படத்தில் ஒரு பாட்டாவது ராப் இல்லாமல் வந்தால்தான் ஆச்சரியம். ‘நா ரெடி’யில் அசல் கோளாறு வந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டியவர்கள் உண்டு. பால் டப்பாவின் ‘மக்காமிஷி’, ‘காத்து மேல’ எல்லாம் கல்யாண வீட்டில் பாட்டிமார் வரைக்கும் போய்விட்டன.

இவர்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே மாட்டிக்கொள்கிறேன். ராப்புக்குச் ‘சொல்லிசை’ என்ற சொல் ஓரளவு ஊன்றிவிட்டது. ரைமுக்கு எதுகையும் இயைபும் இருக்கின்றன. மேடையிலேயே கட்டிப் பாடுகிற ஃப்ரீஸ்டைலுக்கு ‘ஆசுகவி’ என்று நம் ஆட்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். ஃப்ளோவுக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. ரசிகர்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல் அதுதான்: “ஃப்ளோ செம”, “நடுவுல ஃப்ளோவ மாத்தினான் பாரு”.

வரியைத் தாளத்தின் மேல் எப்படி ஏற்றிப் பாடுகிறோம் என்பதுதான் ஃப்ளோ. இன்னும் புரியாதவர்களுக்காக, நானே கட்டின ஒரு வரி:

கடலும் மணலும் நிழலும் வெயிலும்

ராப்பில் பெரும்பாலும் நாலு தட்டு (பீட்) ஒரு சுற்று. முதல் வழி: தட்டுக்கு ஒரு சொல். க-ட-லும் மூன்று எழுத்தும் ஒரு தட்டுக்குள் சமமாக விழும். குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும். 2013இல் மிகோஸ் என்ற ராப் குழு ‘வெர்சாச்சி’ பாட்டை வெளியிட்ட பிறகு அமெரிக்காவில் ஆளாளுக்குப் பாடித் தீர்த்த மும்மூன்று ஃப்ளோ இதுதான்.

இரண்டாவது வழி: தட்டை நாலாகப் பிரித்து, மூன்றில் சொல், நாலாவதில் மூச்சு. கடலும்– மணலும்– நிழலும்– வெயிலும்–. இது சவால் விடுகிற தொனி.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. இடைவெளியே விடாமல் தட்டுக்கு நாலெழுத்து: கடலும்ம / ணலும்நிழ / லும்வெயிலும். வரி மூன்று தட்டிலேயே முடிந்துவிடும், நாலாவது தட்டு காலி. தட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள்: க, ண, லும். முதல் தட்டைத் தவிர மற்றவை சொல் தொடங்குகிற இடத்தில் இல்லை, சொல்லின் உள்ளே விழுகின்றன. கேட்கிறவன் தலை தானாக ஆடும்.

வரி ஒன்று, ஃப்ளோ மூன்று. இதற்கு ஒரு சொல் தாருங்கள்.

– வடசென்னை ரசிகன்

---

தம்பிக்கு,

நல்ல கேள்வி. ராப் எல்லாம் எனக்குத் தெரியாது, பேரன் போடுவதைக் காதில் வாங்கியதோடு சரி. ஆனால் நீங்கள் தேடுகிற பொருள் தொல்காப்பியத்தில் இருக்கிறது. செய்யுளியலில் வண்ணம் இருபது என்று வகுத்திருக்கிறார். எல்லாம் ஓசை ஓடுகிற வகைகள்தாம். ‘ஒழுகு வண்ணம் ஓசையின் ஒழுகும்’, ‘அகைப்பு வண்ணம் அறுத்தறுத் தொழுகும்’, ‘உருட்டு வண்ணம் அராகம் தொடுக்கும்’ (அராகம் என்றால் குறில்கள் தொடர்ந்து உருண்டோடுவது). உங்கள் இரண்டாவது வழி, மூச்சு விட்டு விட்டுப் போவது, அகைப்பு. முடுகு வண்ணத்துக்கு அவர் சொல்வது: ‘அடியிறந் தோடி’. அடியின் எல்லையைத் தாண்டி ஓடுவது. உங்கள் பிள்ளைகள் ஒரு வரியின் வாலை அடுத்த சுற்றில் கொண்டுபோய் முடிக்கிறார்களே, அது வேறென்ன? பிறகு 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் வண்ணத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பது உலகறியும்.

ஆகவே ‘வண்ணம்’ என்றே வையுங்கள். இருக்கிற வீட்டை விட்டுவிட்டு வாடகைக்கு ஏன் அலைகிறீர்கள்?

– தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

---

ஐயா, வணக்கம்.

அகைப்பும் முடுகும் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘அடியிறந்தோடி’ என்பதை யாராவது ஒரு பையன் தன் தொகுப்புக்குப் பெயராகவே வைத்துவிடுவான், பாருங்கள்.

ஆனால் ‘வண்ணம்’ பொதுச்சொல்லாக நிற்குமா? எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று சின்னது. “வண்ணத்தை மாத்திட்டான் பாரு” என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஞாபகம்தான் வரும். கலைச்சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பேசிப் பார்க்க வேண்டும் என்று இந்தக் குழுவில் நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

இரண்டாவது பெரியது. வண்ணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. குறில் நெடிலையும் வல்லினம் மெல்லினத்தையும் வைத்து எழுதும்போதே கட்டியாகிவிட்டது. என் வரியை அலகிட்டால் நாலு சொல்லும் புளிமா என்ற ஒரே வகைச் சீர். மூன்று வழியிலும் அதே புளிமாதான். வித்தியாசம் ஏட்டில் இல்லை, வாயில் இருக்கிறது. அறிவு பாடும்போது மேடைப் பேச்சாளர் அழுத்துகிற இடத்தில் அழுத்துவார், அது வரியைப் படித்தால் தெரியாது. பால் டப்பா ஆடத் தெரிந்தவர், அது அவர் சொல்லை நிறுத்துகிற இடத்தில் தெரியும். 1987இல் அமெரிக்க ராப்பர் ரக்கிம் ‘பெய்டு இன் ஃபுல்’ தொகுப்பில் செய்த புரட்சியும் இதுதான். அதுவரை வரிக்கடைசியில் தட்டோடு தட்டாக முடிந்துகொண்டிருந்த இயைபை எடுத்து வரிக்கு நடுவே தூவினார். அவர் சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர் என்பதைக் கேட்டால் உடனே புரியும்.

அதனால் எழுத்தைச் சொல்கிற சொல் வேண்டாம், நிகழ்த்துவதைச் சொல்கிற சொல் வேண்டும்.

– வ.ர.

---

அனைவருக்கும்,

‘நடை’ இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை? தம்பி காட்டிய முதல் வழி, தட்டை மூன்றாகப் பிரிப்பது, சுத்தமான திஸ்ர நடை. மற்ற இரண்டும் நாலாகப் பிரிப்பது, சதுஸ்ரம். ஐந்தாகப் பிரித்தால் கண்டம், ஏழானால் மிஸ்ரம், ஒன்பதானால் சங்கீர்ணம். கச்சேரியில் தாளக்காரர் தனியாக வாசிக்கிற தனியாவர்த்தனத்தில் திஸ்ரத்துக்கு மாறினால் சபை நிமிர்ந்து உட்காரும், அதே கைத்தட்டல்தான் உங்கள் ‘ஃப்ளோ மாத்தினான்’. ரொறன்ரோவில் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் மிருதங்கம் வாசிக்கிற யான்சானும் ‘மிருதங்கம் ராப்ஸ்’ என்று ஒரு வரிசையே செய்தார்கள். மிருதங்கம் போகிற வழியில் ராப் போகிறது. தேடிக் கேளுங்கள்.

– மயிலாப்பூர், மிருதங்கம் வாசிப்பவன்

---

அண்ணா, அந்த வரிசையை வந்த நாளிலிருந்து கேட்கிறேன், நன்றி. ஆனால் நீங்களே இரண்டாவதும் மூன்றாவதும் சதுஸ்ரம் என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டீர்கள். ரசிகனுக்கு அவை வேறு வேறு ஃப்ளோ. தட்டை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது நடை. பிரித்த கட்டங்களில் எதை நிரப்புகிறோம், எதைக் காலியாக விடுகிறோம், தட்டுக்கு முன்னால் வருகிறோமா பின்னால் இழுக்கிறோமா, குரலை எங்கே அழுத்துகிறோம் என்பது எல்லாம் சேர்ந்தது ஃப்ளோ. நடை அதில் ஒரு பகுதி. தவிர, ‘நடை’ என்றால் உரைநடைக்காரர்கள் வேறு சண்டைக்கு வருவார்கள்.

‘ஒழுகிசை’ என்று யாரோ தனிமடலில் அனுப்பியிருந்தார்கள். கேட்க அழகு. ஆனால் தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில் அது உறுத்தாத இனிய ஓசைக்குப் பெயர். ராப்பர் ஹனுமான்கைண்ட் 2024இல் ‘பிக் டாக்ஸ்’ பாட்டுக்காகக் கேரளத்துப் பொன்னானியில் மரணக் கிணற்றுக்குள் பைக்கும் காரும் சுற்றச் சுற்ற நின்று பாடியதை ஒழுகிசை என்று சொன்னால் தண்டியே ஒப்புக்கொள்ள மாட்டார். உறுத்தல்தான் அங்கே அழகு.

– வ.ர.

---

வணக்கம். நான் பெரும்பாலும் வாசிக்கிறதோடு நிற்கிற ஆள். இதற்கு எழுதாமல் இருக்க ஏலவில்லை.

நேரடியாக ‘ஓட்டம்’ என்றே சொல்லலாமே? சிந்தனையோட்டம், நீரோட்டம் எல்லாம் பழகின சொற்கள். “ஓட்டத்தை மாத்திறான்” என்று சொல்லிப் பாருங்கோ, எங்கட பெடியன்களின் வாயிலும் வரும், சென்னையிலும் வரும்.

ஒரே ஒரு சிக்கல், இலங்கைத் தமிழர் காதில் ஓட்டம் என்றால் முதலில் கிரிக்கெட். “அவர் இருபது ஓட்டங்கள்” என்றுதான் எங்கட பேப்பர் எழுதும். ராப் விமர்சனத்தில் “அருமையான ஓட்டம்” என்று வாசித்தால் அப்பா ஸ்கோர் என்ன என்று கேட்பார். அதனால் முதன்முதலில் சொல்லும்போது ‘சொல்லோட்டம்’, பிறகு வெறும் ‘ஓட்டம்’. சொல்லிசைக்குச் சொல்லோட்டம், பொருத்தமும் இருக்கிறது.

– ரொறன்ரோவிலிருந்து, ஊர் யாழ்ப்பாணம்

---

அக்கா, இதுதான்! உடனே பழைய விமர்சனம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். “இரண்டாம் சரணத்தில் சொல்லோட்டம் மும்மைக்கு மாறுகிறது, கடைசி நாலு அடி முடுகோட்டம்.” எங்கேயும் இடிக்கவில்லை. வினையாகவும் வருகிறது: “பீட்டுக்குப் பின்னால ஓட்டுறான்.” ஃப்ளோ மாற்றுவது ஓட்ட மாற்றம். ஐயா கொடுத்த அகைப்பு, உருட்டு, முடுகு மூன்றும் வகைப்பெயராக முன்னால் ஒட்டிக்கொள்ளும். மிருதங்க அண்ணாவின் திஸ்ரத்தை மும்மை என்று எடுத்துக்கொண்டேன், அவருக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

‘சொல்லோட்டம்’ சரளமாகப் பேசுவதற்கும் சிலர் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியும். இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும், அதைப் பற்றிப் பெரிதாகக் கவலை இல்லை. வேறு எதிர்ப்பு வராவிட்டால் குழுவின் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

– வ.ர.

---

தம்பி,

‘வண்ணம்’ போனதில் வருத்தம்தான். ஆனால் ஏட்டுக்கும் வாய்க்கும் நீங்கள் காட்டிய வித்தியாசம் சரி. ஏற்றுங்கள். ‘முடுகோட்டம்’ என்று தனியாக ஒரு பதிவும் போடுங்கள், அதில் எனக்குப் பங்கு உண்டு.

நேற்றுப் பேரனைக் கூப்பிட்டு அந்த மூன்று வழியையும் சொல்லிக் காட்டச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்ல அவனுக்கே வரவில்லை. எனக்கு வந்தது.

அடுத்து ‘பார்’ (ஆங்கில bar) என்று கேட்கப்போகிறீர்கள் என்று பேரன் எச்சரித்திருக்கிறான். வரியைக் குறித்தால் ‘அடி’, தாளத்தைக் குறித்தால் ‘சுற்று’. இரண்டையும் குழப்பினால் மிருதங்கக்காரர் கோபித்துக்கொள்வார். மற்றதைத் தனி இழையில் பேசுவோம்.