லாபத்தை எடுக்க முன்கூட்டியே வரி கட்டச் சொல்கிறார்கள்: கட்டலாமா?

காசிமேடு வாசகி:
வணக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவை யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, பிறகு டெலிகிராமுக்கு அழைத்துப் போய், அவர்கள் அனுப்பிய இணைப்பிலிருந்து ஒரு கிரிப்டோ செயலியை இறக்க வைத்திருக்கிறார்கள். முதலில் போட்ட ஐயாயிரம் ரூபாய் லாபத்தோடு வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்ததால், சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்து நான்கு லட்சம் போட்டுவிட்டார். இப்போது செயலி பதினோரு லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால், லாபத்துக்கு 30 சதவீத அரசு வரியாக 2,10,000 ரூபாயை முதலில் கட்டச் சொல்கிறார்கள். அப்படியொரு வரி இருப்பதைச் செய்தித்தாளிலும் படித்ததால், சித்தி நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். கட்டலாமா?

கொருக்குப்பேட்டை கணக்கர்:
ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், சகோதரி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால் வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி இருப்பது உண்மை. ஆனால் அதை லாபம் பெற்றவரே தம் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டுமே தவிர, எந்தச் செயலிக்கும் அதை வசூலிக்கும் உரிமை கிடையாது. விற்கும்போது எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளம், வரியாகப் பிடிப்பது, 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 1 சதவீத டிடிஎஸ். அதுவும் விற்ற தொகையிலிருந்தே கழிக்கப்பட்டு, வருமான வரித் துறையின் கணக்கில் நம் பெயரில் பதிவாகும். பதினோரு லட்சம் மெய்யாகவே இருக்குமானால் அதிலிருந்தே கழித்துக்கொள்ளலாமே, கையிலிருந்து ஏன் கேட்கிறார்கள் என்று சித்தப்பாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இந்தத் தொகையைக் கட்டிவிட்டால், அடுத்து சரிபார்ப்புக் கட்டணம், அதற்கடுத்து அபராதம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வியாசர்பாடி நிரலாளர்:
திரையில் தெரியும் பதினோரு லட்சம், அவர்கள் தட்டச்சு செய்து வைத்த எண் மட்டுமே. 2014இல் தொடங்கிய ஒன்காயின் என்ற போலி கிரிப்டோ நாணயம் உலகம் முழுவதும் பல நூறு கோடி டாலரைச் சுருட்டியபோதும், வாங்கியவர்களின் கணக்கில் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. அந்த நாணயத்துக்கு உண்மையான பிளாக்செயினே, அதாவது பரிமாற்றங்களைப் பதியும் பொதுப் பேரேடே, இருக்கவில்லை. அதைத் தொடங்கிய ருஜா இக்னாட்டோவா 2017 முதல் தலைமறைவாக இருக்கிறார். முதலில் ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்ததும் தூண்டிலில் வைத்த இரைதான். இனி எந்த எக்ஸ்சேஞ்சைப் பயன்படுத்துவதானாலும், மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பாருங்கள். அந்தப் பதிவும் நம் முதலீட்டுக்கு உத்தரவாதம் ஆகாது. கிரிப்டோவை வைத்திருக்கும் வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 சொற்களை, வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிக் கேட்டாலும் யாருக்கும் தரக்கூடாது.

திருவொற்றியூர் தோழர்:
வரி விளக்கத்தைவிட அவசரமானது புகார். உடனே 1930 எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால், வங்கியில் அதை முடக்க வாய்ப்பு உண்டு. கிரிப்டோவாக மாறி வெளியேறிவிட்டால் மீட்பது மிகக் கடினம். குழுவிலிருந்து விலகுவதற்கு முன் உரையாடல்களையும் செயலியின் திரையையும் படமெடுத்து, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் யூடிஆர் என்ற அடையாள எண்ணையும் குறித்து வையுங்கள். பணம் யார் பெயருக்குப் போனது என்று பாஸ்புக்கிலும் பாருங்கள். சித்தப்பாவைத் திட்டாதீர்கள், கூனிக் குறுகிப்போனால் மீதி விவரத்தைச் சொல்லாமல் மறைத்துவிடுவார்.

காசிமேடு வாசகி:
அனைவருக்கும் நன்றி. பாஸ்புக்கைப் பார்த்தோம், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயருக்குப் பணம் போயிருக்கிறது, ஒன்று ஏதோ துணிக்கடையின் பெயர். 1930இல் புகார் பதிவாகி, எண்ணும் வந்துவிட்டது. இதற்கிடையில் டெலிகிராமில் வேறொருவர், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகவும் முன்பணமாகப் பதினைந்தாயிரம் போதும் என்றும் சித்தப்பாவுக்கு எழுதியிருக்கிறார்.

திருவொற்றியூர் தோழர்:
அவரும் அதே கும்பலாக இருக்கலாம், அல்லது அவர்களிடமிருந்து சித்தப்பாவின் எண்ணைப் பெற்றவராக இருக்கலாம். காவல்துறை எந்தக் கட்டணமும் கேட்காது. பதில் எழுதாமல் அந்தச் செய்தியையும் படமெடுத்துப் புகாரில் சேருங்கள்.