20,000 ரூபாய்க்குள் ஹோம் தியேட்டர்: ஸ்டிக்கரில் 90 வாட், பெட்டியில் 1000 வாட். எது உண்மை?

பழைய_போர்டு

நேற்று 'வாடகைவீடு' என்ற நண்பர் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தார். 10க்கு 12 அடி ஹால், 43 இன்ச் டிவி, கையில் 20,000 ரூபாய், படம் பார்க்க என்ன வாங்கலாம் என்று. அதற்கு ஒலிப்பிரியன் சொன்ன பதில்: "1000 வாட் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-வூபர்) பெட்டியை எடுத்துப் போடுங்கள். அதே காசுக்கு 100 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்குகிறவன் ஏமாளி."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இன்று கடைக்குப் போனபோது அந்த மாதிரி 1000 வாட் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஸ்டிக்கரில் தெளிவாகப் போட்டிருக்கிறான்: ஏசி 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 90 வாட். உள்ளே போவதே 90 என்றால் வெளியே 1000 எங்கிருந்து வரும்?

1000 வாட் வேண்டுமென்றால் 230 வோல்ட்டில் நாலேகால் ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருப்பது டேப் ரெக்கார்டர் காலத்து இரண்டு பின் கார்டு. அந்த சாக்கெட்டின் தாங்கு அளவே இரண்டரை ஆம்பியர்தான். கணக்கு தெரிந்தவர்கள் யோசிக்கட்டும்.

ஒலிப்பிரியன்

வந்துவிட்டீர்களா சார். நான் ஒரு பதில் போட்டால் மறுநாள் நீங்கள் தனி இழை திறப்பது புதிதில்லை.

ஸ்டிக்கரில் இருப்பது முழு சத்தத்தில் இழுக்கும் அளவு கிடையாது. ஆடியோ கருவிகளுக்கு நெடுநாள் இருந்த பாதுகாப்புத் தரம் ஐஇசி 60065, நம் ஊரில் ஐஎஸ் 616. அதன்படி முழுத்திறனில் எட்டில் ஒரு பங்கில் ஓட்டித்தான் மின்சாரத்தை அளப்பார்கள். வசனமும் பாட்டும் எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை, அதனால்தான் அப்படி ஒரு விதி. நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஹோம் தியேட்டர் ரிசீவர் ஆம்ப்களின் பின்பக்க எண்ணையும் பாருங்கள். சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் வழிக்கு, 70 வாட், ஐந்து சேனல் என்று போட்டுவிட்டு, மின்சாரம் அந்த 350ஐ விடக் குறைவாக எழுதியிருக்கும். அவர்களும் பொய்யர்களா?

சர்க்யூட் போர்டும் சால்டரிங் அயர்னும் மட்டும் தெரிந்தால் போதாது. தரநிர்ணய ஆவணத்தையும் புரட்ட வேண்டும்.

நெல்லைச்சீமை

ரெண்டு பேரும் எந்த வாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ்ஸா, கணநேர உச்சமான பீக்கா, விளம்பரத்துக்கு ஊதிய பிஎம்பிஓவா? ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓமா 8 ஓமா? டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, 0.1 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா? எத்தனை சேனல் ஒரே நேரத்தில் ஓடும்போது? இதைச் சொல்லாமல் 90, 1000 என்று கத்துவதில் அர்த்தமில்லை.

பழைய_போர்டு

வாட் என்றால் வாட்தான், நெல்லை. ஈபி மீட்டருக்கு ஆர்எம்எஸ், பிஎம்பிஓ எல்லாம் தெரியாது. ஸ்டிக்கர் 90 என்கிறது.

ஒலிப்பிரியன், உங்கள் ஆவணத்தையே எடுத்துக்கொள்வோம். எட்டில் ஒரு பங்கு என்கிறீர்கள். 90ஐ எட்டால் பெருக்கினால் 720. ஒரு சொட்டு வீணாகாமல் எல்லா மின்சாரமும் சத்தமாக மாறினால்கூட 720தான். மீதி 280 வாட்டை யார் கொடுக்கிறார்கள்? உங்கள் விதியை வைத்தே உங்கள் 1000 செத்துவிட்டது. இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் சால்டரிங் அயர்னைப் பற்றிப் பேசலாம்.

ஒலிப்பிரியன்

அந்த எட்டில் ஒரு பங்கு கணக்கு, ஒலி உடையாத அளவை வைத்து. பெட்டியில் போடும் 1000 பெரும்பாலும் 10 சதவீத டிஸ்டார்ஷனில் எடுத்தது. அந்த அளவில் 30 சதவீதம் வரை கூடுதலாக வரும். 720க்கு அதைப் போட்டால் 936. இப்போது 1000க்கும் 936க்கும் சண்டை போடுகிறீர்களா? பழைய பகை இல்லாமல் யாரும் இப்படி எழுத மாட்டார்கள்.

வாடகைவீடு

அண்ணே, கேள்வி கேட்டது நான்தான். சுவரில் துளை போட வீட்டு உரிமையாளர் விடமாட்டார். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். டிவியில் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே எடுக்கும் வசதி) இருக்கிறது. பாதிப் படங்களில் வசனம் கேட்கவில்லை என்பதுதான் என் பிரச்சினை. இதற்கு யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

பழைய_போர்டு

தம்பி, ஒரு நிமிடம் இருங்கள், உங்களுக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

10 சதவீத டிஸ்டார்ஷன் என்று அவரே ஒத்துக்கொண்டுவிட்டார், எல்லோரும் கவனிக்கவும். பத்து சதவீதம் உடைந்த ஒலியை 'திறன்' என்று விற்பதற்குப் பெயர் என்ன? அமெரிக்காவில் 1974லேயே இதற்காக வர்த்தக ஆணையம் தனி விதி போட்டது. ஆம்ப் விற்கிறவன் வாட் எழுதினால் எந்த ஓமில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்று சேர்த்து எழுத வேண்டும் என்றது அந்த விதி. அங்கேயும் இப்படி வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு விற்றார்கள், அதனால்தான்.

இன்னொன்று. வீணாகும் மின்சாரத்தை அழகாக மறந்துவிட்டார். கிளாஸ் டி ஆம்ப் என்றாலும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சூடாகப் போகும். 936 கூட வராது. 90 வாட் ஸ்டிக்கர். 90.

சாரல்_மழை

வாடகைவீடு, சத்தம் எவ்வளவு கேட்கும் என்பதற்கு வாட் மட்டும் அளவு கிடையாது. வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலத் தோன்ற சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் 84 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் இருந்தால், இரண்டாவதற்கு நாலு மடங்கு சக்தி கொடுத்தால்தான் ஒரே சத்தம். உங்கள் ஹாலில் வசனத்துக்குச் செலவாவது சில வாட்தான்.

வசனம் கேட்கவில்லை என்றால் வசனம் வரும் தனி சென்டர் (நடு) ஸ்பீக்கர் உள்ள செட்டாகப் பாருங்கள், அதைக் காது உயரத்துக்குத் திருப்பி வையுங்கள். ரியர் (பின்பக்க) ஸ்பீக்கரை ஸ்டூலிலோ அலமாரியிலோ வைக்கலாம், துளை வேண்டாம். சப்-வூபரைப் பொதுச் சுவரின் மூலையில் வைக்காதீர்கள். டிவியிலிருந்து ஏஆர்சி வழியாகவே எடுங்கள்.

ஒலிப்பிரியன்

ஏஆர்சி எதற்கு? ஆப்டிகல் கேபிளே போதும். சும்மா எச்டிஎம்ஐ கேபிள்காரனை வாழவைக்கிறீர்கள்.

சாரல்_மழை

போதாது. ஓடிடியில் வருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற பல சேனல் ஒலி வடிவம். ஆப்டிகலில் அது போகாது. டிவி அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பினால் தப்பித்தோம். சில டிவி வெறும் ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்பும், அப்போது ஐந்து ஸ்பீக்கர் வாங்கியும் பயனில்லை. ஏஆர்சியில் அந்தப் பிளஸ் அப்படியே போகும்.

ஒலிப்பிரியன்

என் வீட்டில் ஆப்டிகலில் ஐந்து ஸ்பீக்கரும் பாடுகிறது. புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நெல்லைச்சீமை

சற்று முன் தரநிர்ணய ஆவணத்தைப் புரட்டச் சொன்னதும் நீங்கள்தானே?

பழைய_போர்டு

அப்படிக் கேளுங்கள் நெல்லை! அவருக்குச் சாதகமான புத்தகம் மட்டும் புத்தகம்.

வாடகைவீடு தம்பி, என் யோசனை இதுதான். சென்னை ரிச்சி தெருவில் 5200, 1943 டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப் போர்டு, 24-0-24 வோல்ட் ஐந்து ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் போட்டு அசெம்பிள் செய்து வாங்குங்கள். 48ஐ ஐந்தால் பெருக்கினால் 240. 8 ஓமில் சேனலுக்கு ஐம்பது வாட், இரண்டு சேனல், சுத்தமாக வரும். டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும் எவ்வளவு தாங்கும் என்று. பெட்டியில் என்ன அச்சடித்தாலும் இரும்பும் செம்பும் பொய் சொல்லாது. மிச்சக் காசில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி.

ஒலிப்பிரியன்

இதற்காகத்தான் காத்திருந்தேன். அசெம்பிள் செட் விற்கிறவர்கள் யோக்கியர்களா? 4440 என்ற ஆம்ப் ஐசி ஒன்று, அதன் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கினால் 19 வாட் என்று அதன் தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். அதில் இரண்டைப் போட்டு '200 வாட்' என்று எந்தத் தெருவில் விற்கிறார்கள்? அந்த எண்ணைப் பற்றி இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு இழையாவது திறந்ததுண்டா? கம்பெனிக்காரன் போட்டால் பொய், உங்கள் தெருக்காரன் போட்டால் தொழில்.

ஐம்பது ஐம்பது என்று ஸ்டீரியோ ஆம்ப் சொல்கிறீர்கள். அவர் கேட்டது ஹோம் தியேட்டர். சென்டர் எங்கே? 5.1 ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் டீகோடர் எங்கே? டீகோடர் என்ற பெயரில் ஒரு புரோலாஜிக் போர்டைச் சொருகி, ஸ்டீரியோவைப் பின்னால் கசியவிட்டு 5.1 என்பீர்கள். கூடவே ஹம் என்ற இரைச்சல் இலவசம்.

பழைய_போர்டு

ஹம் வருவது கிரவுண்டிங் தெரியாதவன் கட்டிய செட்டில். நான் கட்டியதில் வராது. இருபது வருடமாக இந்தக் கையால் கட்டிக்கொண்டிருக்கிறேன், என் செட் வாங்கிய யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

4440ஐப் பற்றிப் பேசி 90ஐ மறைக்கப் பார்க்கிறீர்கள். போன வருடம் மூன்று மீட்டர் ஸ்பீக்கர் ஒயருக்கு 4,000 ரூபாய் கொடுத்தால் 'மேடை விரியும்', ஒலி பரந்து கேட்கும் என்று எழுதியவர்தானே நீங்கள்? அன்றைக்கும் சாதாரண 14 கேஜ் செம்பு ஒயர் போதும் என்று சொன்னேன். அன்றைக்கும் பதில் வரவில்லை.

ஒலிப்பிரியன்

ஒயர் விவகாரத்தை இழுக்காதீர்கள். அதில் நான் எழுதியது என் காது கேட்டது. காது இல்லாதவர்களிடம் அதை நிரூபிக்க முடியாது.

வாடகைவீடு

சாரல், சென்டர் ஸ்பீக்கர் தனியாக உள்ளது என்றால் 20,000க்குள் சோனி எச்டி-எஸ்20ஆர் மாதிரி சவுண்ட்பாரும் ரியர் ஸ்பீக்கரும் சேர்ந்த செட் சரியா? அதில் 400 வாட் என்று போட்டிருக்கிறது.

சாரல்_மழை

பாரிலேயே சென்டர் தனியாக இருக்கிறது, ரியர் ஒயர் வழி, ஏஆர்சி உண்டு. உங்கள் ஹாலுக்குப் பொருந்தும். மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் இல்லை, டால்பி டிஜிட்டல் வரை. இந்தக் காசுக்கு அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். 400ஐ மறந்துவிடுங்கள், கடையில் ஒரு வசனக் காட்சியைப் போட்டுக் கேளுங்கள்.

பழைய_போர்டு

400ஐ ஏன் மறக்க வேண்டும்? அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து ஸ்டிக்கர் எண்ணை இங்கே போடச் சொல்லுங்கள், கணக்கு போட்டுத் தருகிறேன்.

ஒலிப்பிரியன், நேரடியாகக் கேட்கிறேன். ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் 8 ஓம் டம்மி லோடு என்னிடம் இருக்கிறது. மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது, அலையைக் காட்டும் ஸ்கோப் இருக்கிறது. உங்கள் 1000 வாட் பெட்டியைக் கொண்டுவாருங்கள். ஒரு கிலோஹெர்ட்ஸ் டோன், எல்லா சேனலும், ஐந்து நிமிடம். தாங்குகிறதா பார்ப்போம்.

ஒலிப்பிரியன்

ஐந்து நிமிடம் டோன் போட்டு யார் சார் படம் பார்க்கிறார்கள்? மீட்டர் உங்களுடையது, லோடு உங்களுடையது, தீர்ப்பும் உங்களுடையதாகத்தான் இருக்கும். பொது இடத்தில் வையுங்கள், வருகிறேன். உங்கள் ஐம்பது ஐம்பதையும் அதே லோடில் போட வேண்டும்.

பழைய_போர்டு

போடுகிறேன். இடத்தை நீங்களே சொல்லுங்கள். கூடவே அந்த 4,000 ரூபாய் ஒயரையும் எடுத்து வாருங்கள்.