டயலின் கால்களை வெட்டலாமா? வாட்ச் மாட் (பாகங்களை மாற்றிக் கட்டுவது) செய்பவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, மாமா துபாயிலிருந்து கொண்டு வந்த ரோலக்ஸ் சப்மரீனர் நகல் ஒன்று, உள்ளே 2824 வகை மெஷின், அது மொத்தமாக நின்றுவிட்டது. ஆனால் டயல் அருமை. லூப் (பெரிதாக்கும் கண்ணாடி) வைத்துப் பார்த்தால்கூட எழுத்து பிசிறில்லாமல் இருக்கிறது, தேதிக்கு மேலுள்ள கண்ணாடிதான் அசல் ரோலக்ஸில் போல இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டவில்லை. இந்த டயலையும் முட்களையும் எடுத்து, சீக்கோவின் என்எச்35 மெஷின், அதற்கென்றே வரும் கேஸ் இரண்டும் வாங்கி எனக்காக ஒன்று கட்டலாம் என்று ஆசை (விற்க இல்லை).

இப்போது சிக்கல் என்னவென்றால், டயல் கால்கள் (டயலின் பின்னால் மெஷினில் செருகும் சிறு ஊசிகள்) என்எச்35 துளைகளில் உட்காரவில்லை. காலை வெட்டிவிட்டு டயல் டாட் (இருபுறமும் ஒட்டும் சிறு வட்டம்) போட்டால் நாளடைவில் நகருமா? மணி முள்ளும் நிமிட முள்ளும் 1.50, 0.90 மி.மீ. துளை என்று சரியாகப் பொருந்துகின்றன, நொடி முள் மட்டும் 0.25 துளை, என்எச்35க்கு 0.20 வேண்டும், வைத்தால் சும்மா சுற்றுகிறது. அந்த முள்ளின் குழாயை நெரித்து இறுக்கியவர்கள் யாராவது உண்டா, இல்லை புது முள்தான் வாங்க வேண்டுமா? அப்புறம், சென்னையில் முள் அழுத்தும் கருவி நல்லதாக எங்கே கிடைக்கும்?