டெம்பரரி வீடு, ஒரே ஒரு சின்ன ஹால், நாலு பேர். எப்படி சமாளிக்கிறது?

கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சொந்த வீட்டுல பெரிய ரிப்பேர் வேலை நடக்குது, அதனால ஒரு எட்டு மாசத்துக்குன்னு சின்னதா ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருக்கோம். ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன், 10க்கு 12 ஹால். நான், வீட்டுக்காரர், அஞ்சாவது படிக்கிற பையன், மாமியார். வந்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் ஹால் ஒரு ஒழுங்குக்கு வரல. அங்கதான் என் ஆபீஸ் டேபிள், அங்கதான் டிவி, பையன் ஹோம்வொர்க், சாப்பாடு, துணி காயப்போடுற ஸ்டாண்டு, ராத்திரி மாமியார் படுக்கிறதும் அங்கதான். பழைய வீட்டுல இருந்த 7 அடி சோஃபாவையும் கொண்டு வந்துட்டோம், அதைச் சுத்திதான் மத்த எல்லாமே நிக்குது.

மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கிறது என்னன்னா, அத்தைக்கு முட்டி வலி, மதியம் கொஞ்ச நேரம் படுத்தே ஆகணும். எனக்கு அந்த நேரத்துலதான் மீட்டிங். போன வாரம் மீட்டிங் முடிஞ்சு தண்ணி குடிக்க கிச்சன் போனா, அத்தை பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து சுவத்துல தலையைச் சாய்ச்சு அப்படியே தூங்கிட்டிருக்காங்க. எவ்வளவு நேரமா அப்படி இருந்தாங்களோ தெரியல. ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல.

சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஓனர் கண்டிஷன் வேற. புதுசா நிறைய வாங்கவும் மனசில்ல, எட்டு மாசம்தானே. யாராவது இந்த மாதிரி இருந்திருந்தா சொல்லுங்களேன்.

பதில் 1:

சிஸ்டர், முதல்ல அளவு எடுங்க. 10க்கு 12ன்னா 120 சதுர அடி. உங்க சோஃபா 7 அடி நீளம், 3 அடி அகலம்னு வச்சா அதுவே 21 சதுர அடி, கிட்டத்தட்ட ஹால்ல ஆறுல ஒரு பங்கு. அதுல ஒரு நேரத்துல மூணு பேர் உக்காருவாங்க, அவ்வளவுதான், மத்தபடி அது துணி மடிச்சு வைக்கிற இடமா மாறிடும், எங்க வீட்டுல அப்படித்தான் ஆச்சு.

நாங்க பண்ணது இதுதான். சாமான் எல்லாத்தையும் ஒரு ஓரமா தள்ளிட்டு, வாசக்கதவுல இருந்து கிச்சனுக்கு, பெட்ரூமுக்கு, பாத்ரூமுக்கு எந்த வழியா நடக்குறோம்னு சாக்பீஸால தரையில கோடு போட்டோம். அந்த வழி ரெண்டரை அடி அகலமாவது இருக்கணும், கதவு முழுசா திறக்குற இடத்தையும் சேர்த்து விட்டுடுங்க. மிச்சம் இருக்கிறதுதான் உண்மையான ஹால். அதைப் பார்த்தப்புறம்தான் எது நிக்கும் எது நிக்காதுன்னு மனசு ஒத்துக்கும். பழைய நியூஸ்பேப்பரை ஒவ்வொரு சாமான் அளவுக்கும் வெட்டி தரையில போட்டு ரெண்டு நாள் நடந்து பாருங்க, பீரோவை நாலு தடவை நகர்த்துற வேலை மிச்சம்.

பதில் 2:

அக்கா, உங்க கேள்வியில அந்த ஸ்டூல் விஷயத்தைப் படிச்சதும் பதில் போடாம இருக்க முடியல. எங்க அப்பாவும் ஒரு வருஷம் இப்படித்தான் ஒத்த ஹால்ல எங்ககூட இருந்தாரு. வயசானவங்க கேக்கவே மாட்டாங்க, நாமதான் பார்த்துச் செய்யணும்.

ஒண்ணு கேக்குறேன், காலையில எட்டு மணியில இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் உங்க பெட்ரூம்ல யார் இருக்கா? யாருமே இல்லைல்ல? ஹால்ல நாலு பேர் முட்டி மோதிக்கிறீங்க, அந்த ரூம் நாள் பூரா சும்மா கிடக்குது. ஆபீஸ் டேபிளைத் தூக்கி அங்க போடுங்க. கதவைச் சாத்திட்டு மீட்டிங் பேசலாம், பையனோட டிவி சத்தமும் வராது. பகல் பூரா ஹால் அத்தைக்கு. ராத்திரி மட்டும் பெட்ரூம் உங்களுக்கு. இடத்தைப் பிரிக்க முடியாத வீட்டுல நேரத்தைத்தான் பிரிக்கணும், நாங்க அப்படித்தான் ஓட்டினோம்.

அப்புறம் அத்தைக்குன்னு சோஃபா கம் பெட், மடிக்கிற தாழ்வான கட்டில் எதையும் வாங்கிடாதீங்க. தாழ உக்காந்தா முட்டி வலிக்காரங்களுக்கு எழுந்திரிக்கிறதுதான் பெரிய பாடு. உக்காந்தா பாதம் முழுசா தரையில படணும், முட்டி இடுப்பை விட மேல போகக் கூடாது, பொதுவா தரையில இருந்து ஒன்றரை அடி உயரம்னா சரியா இருக்கும். ஆனா அவங்களையே உக்கார வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. 6 அடிக்கு ரெண்டரை அடி திவான் ஒண்ணு போட்டா பகல்ல எல்லாரும் உக்காரலாம், ராத்திரி அத்தை படுக்கலாம், அடியில அவங்க துணிமணி வச்சுக்கலாம். அவங்க சாமான் அவங்க கைக்கு எட்டுற மாதிரி ஒரு இடம் இருக்கணும் அக்கா, அது ரொம்ப முக்கியம்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி, பெட்ரூம் யோசனை எனக்கு வரவே இல்ல. ஆனா அங்க கட்டில், பீரோ போக மிச்ச இடத்துல பிரிக்காத அட்டைப்பெட்டி 14 அடுக்கி வச்சிருக்கோம், டேபிள் போட இடமே இல்லையே?

பதில் 2:

ரெண்டு மாசமா பிரிக்கலைன்னா இன்னும் ஆறு மாசத்துக்கும் பிரிக்க மாட்டீங்க. அந்தப் பெட்டிங்கதான் உங்க ஆபீஸ் ரூமை அடைச்சுட்டு இருக்கு. சொந்தக்காரங்க வீட்டுல ஒரு மூலை கேளுங்க, இல்லைன்னா உங்க வீட்டுலயே வேலை முடிஞ்ச ரூம் ஏதாவது இருந்தா அங்க தார்ப்பாய் போட்டு மூடி வைங்க. ஒவ்வொரு பெட்டியிலயும் மேல மட்டும் எழுதாம பக்கவாட்டுலயும் உள்ள என்ன இருக்குன்னு எழுதுங்க, அடுக்கின பிறகு மேல எழுதினது தெரியாது.

பதில் 3:

வாடகை வீடே வாழ்க்கையா இருக்கிறவன், அதனால சில்லறை விஷயம் சில சொல்றேன்.

ஆணி வேண்டாம்னா ஒட்டுற ஹூக் நல்லா வேலை செய்யும், ஆனா சுவத்தைக் கையால தேச்சா வெள்ளையா பவுடர் வருதுன்னா ஒட்டவே ஒட்டாதீங்க, பெயின்டோட பேந்து வந்துடும், அட்வான்ஸ்ல கைவைப்பாங்க. துடைச்சு, காஞ்ச பிறகு ஒட்டி, ஒரு மணி நேரம் கழிச்சுதான் எதையும் மாட்டணும். கழட்டும்போது ஹூக்குக்குப் பின்னாடி இருக்கிற ஒட்டுற ஸ்ட்ரிப்பை உங்க பக்கமா இழுக்காம சுவத்தை ஒட்டியே நேரா கீழ மெதுவா இழுங்க.

ஹாலுக்குள்ள துணி காயப்போடுறதைத்தான் நான் ரொம்ப கவலையோட சொல்வேன். அந்த ஈரம் பூரா காத்துலதான் போகுது, ஜன்னல் சாத்தியிருந்தா சுவத்துல ஏறி பீரோவுக்குப் பின்னாடி பூஞ்சை புடிக்கும். எங்க வீட்டுல பீரோவை நகர்த்தினப்போ சுவரு ஒரு ஆள் உயரத்துக்குக் கருப்பா இருந்துச்சு, குழந்தைக்கு ஏன் இருமல் நிக்கலைன்னு அப்போதான் சந்தேகம் வந்துச்சு. ஸ்டாண்டை ஜன்னல் பக்கத்துல போட்டு ஃபேன் ஓட விடுங்க, வெளிச்சுவரை ஒட்டி நிக்கிற சாமானை ரெண்டு மூணு இஞ்ச் தள்ளி வைங்க.

அப்புறம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல லேப்டாப், டிவி, ஃபேன் போதும். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மாதிரி சூடாகுற எதையும் அதுல சொருகாதீங்க. ஒயர் நடக்குற வழியில கிடக்கவே கூடாது, ராத்திரி அத்தை பாத்ரூம் போக எழுந்திரிப்பாங்கல்ல, அந்த வழியில சின்னதா ஒரு நைட் லேம்ப் போடுங்க.

பதில் 4:

சோஃபாவை மட்டும் வித்துடாதீங்க. நாங்க இப்படித்தான் அவசரத்துல வந்த விலைக்குக் குடுத்துட்டு, திரும்பிப் போனப்போ புதுசுக்கு மூணு மடங்கு செலவு பண்ணோம். எங்கயாவது குடுத்து வைங்க.

கேள்வி கேட்டவர்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சாக்பீஸ் கோடு போட்ட அன்னிக்கே வீட்டுக்காரர் சோஃபாவைப் பத்தி பேசுறதை விட்டுட்டாரு, கோட்டுக்குள்ளயே ஒரு அடி நீட்டிட்டு இருந்துச்சு. இப்போ அது சித்தி வீட்டுல இருக்கு, 11 பெட்டியும் அங்கதான். பெட்ரூம்ல கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல 2 அடிதான் கிடைச்சுது, மடிக்கிற டேபிள் ஒண்ணு போட்டுக்கிட்டேன். ஜன்னலைப் பார்த்து உக்கார்றதால மீட்டிங்ல மூஞ்சியும் இப்பதான் தெளிவா தெரியுதாம்.

திவானை அத்தையையே உக்கார வச்சுப் பார்த்துத்தான் எடுத்தோம். மருந்து, கண்ணாடி, அவங்க ரேடியோ எல்லாம் தலைமாட்டுல ஒரு சின்ன ஸ்டூல்ல. கிச்சன்ல இருந்த அதே ஸ்டூல்தான். துணி ஸ்டாண்டு இன்னும் தொந்தரவுதான், பையன் ஹோம்வொர்க் இடமும் சரியா அமையல, இப்போதைக்கு அத்தை பக்கத்துல திவான்லயே உக்காந்து எழுதுறான், கையெழுத்து கோணுது. நேத்து ரெண்டரை மணிக்கு மீட்டிங் நடுவுல கதவை லேசா திறந்து பார்த்தேன். கால் ரெண்டையும் நீட்டி, போர்வையை இழுத்துப் போத்திட்டு, நல்ல தூக்கம்.