1968இல் கட்டிய கான்கிரீட் வீட்டில் இரவெல்லாம் வெக்கை: எந்த வேலையை முதலில் செய்வது?

ரோஸ்ஹில்மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில் நகரில் என் அப்பா 1968இல் கட்டிய மாடி வீட்டில் நானும் அம்மாவும் வசிக்கிறோம். 1960 பிப்ரவரியில் வந்த கேரல் புயலில் தாத்தாவின் தகரக் கூரை பறந்துபோனதால், எந்தக் காற்றுக்கும் அசையாத வீடுதான் வேண்டும் என்று அப்பா சுவர், கூரை எல்லாவற்றையும் கான்கிரீட்டில் கட்டினார். அதன் பிறகு எந்தப் புயலிலும் வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாடியில் படுக்க முடிவதில்லை. வெளியே காற்று குளிர்ந்த பின்னரும், இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் கட்டிலில் ஏறி நின்று கூரையைத் தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல்லைப் போல இன்னும் சூடாக இருக்கிறது. ஏசி விடிய விடிய ஓடியும் அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை.

ஒப்பந்தக்காரர் ஒருவர் மூன்று வழிகள் சொன்னார்: இன்னும் பெரிய ஏசி வாங்கலாம், அறைக்குள் ஜிப்சம் பலகையால் பொய்க்கூரை அடிக்கலாம், அல்லது மொட்டை மாடியில் புதிதாக சிமெண்ட் தளம் போட்டு, அதன் மேல் கருப்புத் தார் விரிப்பு ஒட்டலாம். கையிலிருக்கும் பணத்துக்கு இவற்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கட்டடப்பணி பதில்:

சகோதரி, முப்பது ஆண்டுகளாகக் கட்டட மேற்பார்வை செய்து வருகிறேன். மூன்றில் எதையும் இப்போது செய்ய வேண்டாம்.

நம் தீவு ஏறத்தாழ 20 பாகை தென் அட்சத்தில் இருப்பதால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் நண்பகல் சூரியன் அநேகமாக நேர் உச்சியில் நிற்கிறது. ஆகவே கோடையில் வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் வாங்கும் வெயிலைவிட மொட்டை மாடி வாங்கும் வெயில் பல மடங்கு அதிகம். வெயிலில் கருத்த தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூடு கான்கிரீட்டைக் கடந்து உட்புறம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. பகல் இரண்டு மணி வெயிலை நீங்கள் இரவில் உணர்வது இதனால்தான். பெரிய ஏசி வாங்கினால் அந்தச் சூட்டை வெளியேற்ற அதிக மின்சாரம் செலவாகுமே தவிர, தளத்துக்குள் அது இறங்குவது நிற்காது. வெயிலை மேலேயே தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு மலிவான வழி, நீர்த்தடுப்புத் தன்மையுள்ள வெள்ளை அக்ரிலிக் பூச்சு. கருப்பு விரிப்பு இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும்.

புதிய சிமெண்ட் தளத்தைப் பற்றி எனக்குக் கவலையே வருகிறது. ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ ஏறும். 100 சதுர மீட்டர் மாடியென்றால் பத்து டன். கடற்கழியில் மணல் எடுப்பது 2001இல்தான் தடை செய்யப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய வீடுகள் பலவற்றில் பவள மணல்தான் கலந்திருக்கும். அதைச் சரியாகக் கழுவாமல் சேர்த்திருந்தால் உப்பு உள்ளேயே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கூரையின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கறையோ நீளவாட்டில் விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஓசை கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

பூச்சின் பலனையும் செலவில்லாமல் சோதிக்கலாம். அம்மாவின் அறைக்கு நேர் மேலே இரண்டு மீட்டர் சதுரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கெட்டியான சுண்ணாம்பை இரண்டு முறை அடியுங்கள். மூன்று நாள் கழித்துச் சொல்லுங்கள்.

கியூர்பைப்ஆசிரியை பதில்:

ஐயா சொல்வது சரி. ஜிப்சம் பலகையைப் பற்றி என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். எங்கள் வீடு 550 மீட்டர் உயரத்தில், ஆண்டு முழுவதும் ஈரம் காயாத இடத்தில் இருக்கிறது. மேலே இருந்த கசிவை அடைக்காமல் பொய்க்கூரை அடித்துவிட்டோம். இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு மூலை உப்பியது. பலகையை இறக்கியபோது அதன் பின்புறம் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம். என் மகனுக்கு இளைப்பு இருந்ததால், அந்த அறையை அன்றே காலி செய்தோம். கூரையை மறைத்துவிட்டால் கசிவும் துருவும் கண்ணில் படாமல் வளரும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வெள்ளைப் பூச்சிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேட்டு நிலத்தில் பாசி படிந்து ஓரிரு ஆண்டுகளில் அது கறுத்துவிடும். ரோஸ் ஹில்லில் அவ்வளவு வேகமாகப் படியாது. இருந்தாலும் வருடம் ஒருமுறை, கோடை தொடங்குமுன் தேய்த்துக் கழுவுங்கள்.

ரோஸ்ஹில்மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதனையைச் செய்துவிட்டேன். நேற்றுப் பகல் இரண்டு மணிக்குச் சுண்ணாம்பு அடித்த சதுரத்தில் வெறுங்காலோடு நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்க முடிந்தது; ஓர் அடி தள்ளி வைத்த கால் உடனே சுட்டு இழுத்துக்கொண்டது. இரவில் கூரையின் உட்புறத்தைத் தொட்டபோது, சதுரத்தின் நடுவுக்குக் கீழே இளஞ்சூடுதான் இருந்தது. அம்மா தானே தொட்டுப் பார்த்துவிட்டு, மாடி முழுவதும் அடித்துவிடச் சொல்கிறார்.

ஆனால் மேற்கு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை இருக்கிறது. தட்டினால் பொள்ளலாகக் கேட்கிறது.

கட்டடப்பணி:

அந்த மூலைதான் முதல் வேலை. பொள்ளலான பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பழுதுபார்க்கும் கலவையால் மூட வேண்டும். கம்பி அரித்து மெலிந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் தொடாதீர்கள். அதன் பின் மாடியில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களைச் சரிசெய்துவிட்டு, நன்றாகக் காயவிட்டு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். ஈரத்தோடு அடித்தால் கொப்புளித்துவிடும். ஆகவே செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் ஏற்றவை.

பிற்காலத்தில் பணம் சேர்ந்தால் பூச்சுக்கு மேல் பாலிஸ்டைரீன் காப்புப் பலகை போடலாம். அது எடையில் மிகக் குறைவு. ஆனால் புயலில் பறக்காதபடி மேலே கல் பலகை பதிக்க வேண்டியிருக்கும். அந்த எடையைத் தளம் தாங்குமா என்பதைப் பொறியாளரே சொல்ல வேண்டும். பலகையை அழுத்திப் பிடிக்கச் சரளைக் கல்லைப் பரப்பாதீர்கள். புயல் காற்றில் அது அக்கம்பக்கத்து ஜன்னல்களை உடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. இரவில் தென்கிழக்குப் பக்க ஜன்னல்களையும் அவற்றுக்கு எதிர்ப்பக்க ஜன்னல்களையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். அவை கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கும் லூவர் ஜன்னல்களாக இருந்து, அவற்றை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். ஏசி ஓடும்போது அவற்றின் இடுக்கில் குளிர்ச்சி கசிவது உண்மைதான். ஆனால் கூரை ஆறிவிட்டால் பெரும்பாலான இரவுகளில் உங்கள் அம்மாவுக்கு அந்தக் காற்றே போதும்.