வேறு வி-லேனில் இருக்கும் கணக்குப் பிரிவில் எல்லாமே மந்தம்: எங்கே பார்ப்பது?

மேல மாசி வீதி:
ஜவுளி மொத்த வியாபார அலுவலகம், பழைய மாடிக் கட்டடம். மூன்று வி-லேன் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்) பிரித்திருக்கிறது, எண்கள் 10, 20, 30. 10 பொது அலுவலகம், சர்வரும் கேமரா பதிவுப் பெட்டியும் அதில்தான். 20 கணக்குப் பிரிவு. 30-ல் 16 கேமரா. ஒரே மேனேஜ்டு சுவிட்ச் (செட்டிங் மாற்றக்கூடியது), அதிலிருந்து ஒரு கேபிள் டிரங்காக, அதாவது எல்லா வி-லேனையும் சுமந்து, ரூட்டருக்குப் போகிறது. வி-லேன்களுக்கு இடையே வழிவிடுவது அந்த ரூட்டர்தான். 10-ல் இருப்பவர்களுக்கு சர்வர் ஃபைல் சட்டென்று திறக்கிறது, இன்டர்நெட் மட்டும் இழுக்கிறது. 20-ல் எல்லாமே ஊர்கிறது. லைன்காரர் 200 எம்பிபிஎஸ் குறையாமல் வருகிறது என்கிறார். வி-லேனைக் கலைத்துவிட்டு எல்லாரையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டுவிடலாமா என்று முதலாளி கேட்கிறார். இதே மாதிரி கோளாறு பார்த்த அண்ணன்மார் சொல்லுங்க.

கே.கே. நகர்:
கலைக்க வேண்டாம் தம்பி. வி-லேன் போட்டதால் வேகம் குறையாது. ஃபிரேமில் (வயரில் போகும் தரவுப் பொட்டலம்) கூடுவது எந்த வி-லேன் என்று சொல்லும் 4 பைட் டேக், 1500 பைட்டுக்கு நடுவில் அது பொருட்டே இல்லை. மந்தம் வருவது ஒரு வி-லேனிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடத்தில். அதனால் தாண்டுவதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாக அளந்து பார்க்கணும்.

கிகாபிட் போர்ட் உள்ள இரண்டு லேப்டாப் எடுங்க, வைஃபையை அணைத்துவிட்டு வயரில் போடுங்க. ஒன்றில் ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்கும் மென்பொருள்) சர்வர், மற்றதில் கிளையன்ட். விண்டோஸ் ஃபயர்வாலில் 5201 போர்ட்டைத் திறக்க மறக்காதீங்க. முதலில் இரண்டையும் 20-லேயே வைத்து 30 விநாடி ஓட்டுங்க. பிறகு ஒன்றை 20-லும் மற்றதை 10-லும் வைத்து ஓட்டுங்க. இரண்டு முறையும் திசையைத் திருப்பியும் அளக்கணும், ஒரு பக்கம் மட்டும் அடிபடும் கோளாறுகள் நிறைய உண்டு. கடைசியாக 20-லிருந்து இன்டர்நெட் வேகம். நல்ல கிகாபிட் இணைப்பில் 940 எம்பிபிஎஸ் பக்கம் காட்டும். 94 பக்கம் வந்து நின்றால் நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. முதல் அளவே மோசம் என்றால் சுவிட்ச், கேபிள், லேன் கார்டு. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மோசம் என்றால் டிரங்க் அல்லது ரூட்டர். மூன்றாவது மட்டும் மோசம் என்றால் வெளி லைன், டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது), எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு).

இதை வேலை நேரத்தில் செய்யுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும். ரூட்டருக்கு பிங் அடித்து வரும் மில்லி விநாடியை மட்டும் வைத்தும் முடிவு கட்டாதீங்க. தனக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைப் பல ரூட்டர்கள் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும்.

கப்பலூர்:
சிட்கோ தொழிற்பேட்டை பக்கத்து ஆலைகளில் அதிகம் பார்ப்பது டூப்ளெக்ஸ் பொருந்தாமை: ஒரு முனை ஃபுல் (ஒரே நேரத்தில் அனுப்பி வாங்கும்), மறுமுனை ஹாஃப் (மாறி மாறித்தான் செய்யும்). யாரோ ஒரு காலத்தில் சுவிட்ச் போர்ட்டை 100 ஃபுல் என்று கையால் பூட்டி வைத்திருப்பார்கள். எதிர்முனையில் ஆட்டோ, அதாவது இரு முனையும் பேசி முடிவு செய்வது. பூட்டிய போர்ட் பேச்சுவார்த்தைக்கே வராது. எதிர்முனை வேகத்தை மட்டும் கண்டுகொண்டு, டூப்ளெக்ஸ் தெரியாததால் ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் அடித்தால் ஒரு குறையும் தெரியாது. பெரிய ஃபைல் காப்பி போட்டதும் படுத்துவிடும். போர்ட் கவுண்டரைப் பாருங்க: ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் (தாமதமாக வரும் மோதல்) ஏறும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த ஃபிரேம்) ஏறும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். இரு முனையிலும் ஆட்டோ வைத்தால் முடிந்தது.

லேட் கொலிஷன் இல்லாமல் சிஆர்சி மட்டும் ஏறினால் கேபிளைச் சந்தேகப்படணும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் ஓடும் இடத்தில், பவர் கேபிள் போகும் அதே டிரேயில் நெட்வொர்க் கேபிளையும் போட்டிருப்பார்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் பிழை ஏறும். தனி டிரே போடணும், பவர் கேபிளைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கணும். தூரம் அதிகம் என்றால் ஃபைபரே நிம்மதி.

ஒத்தக்கடை:
கணக்குப் பிரிவைத் தனியாகப் பிரித்த அலுவலகங்களில் இன்னொன்று அடிக்கடி வரும். டிஎச்சிபி (கம்ப்யூட்டருக்குத் தானாக ஐபி கொடுப்பது) கொடுக்கும் முதல் டிஎன்எஸ் 10-ல் இருக்கும் சர்வராக இருக்கும். ஃபயர்வாலில் 20-லிருந்து 10-க்கு டிஎன்எஸ்ஸுக்கான 53 போர்ட்டைத் திறந்திருக்க மாட்டார்கள். பாக்கெட் சத்தமில்லாமல் கீழே போடப்படும், கம்ப்யூட்டர் காத்திருந்து பார்த்துவிட்டு இரண்டாவது டிஎன்எஸ்ஸுக்குப் போகும். பக்கம் திறக்கத்தான் தாமதம், திறந்த பிறகு டவுன்லோடு பறக்கும். அதுதான் இதன் அடையாளம். என்எஸ்லுக்அப் கட்டளையில் ஒரு பெயரை அந்த சர்வரிடமும் கூகுளின் 8.8.8.8-இடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்க. 53-ஐ யுடிபி, டிசிபி இரண்டிலும் திறந்துவிடணும்.

பிரிண்டரும் இப்படித்தான். டிஃபால்ட் பிரிண்டர் பழைய வி-லேனில் எட்டாத இடத்தில் இருந்தால் வேர்டும் எக்செலும் திறப்பதற்கே யோசிக்கும். அதை நெட்வொர்க் மந்தம் என்று புகார் எழுதுவார்கள். டிஃபால்ட்டை பிடிஎஃப் பிரிண்டராக மாற்றிப் பாருங்க, உடனே தெரிந்துவிடும்.

திருநகர்:
லைன் பிபிபிஓஇ (யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் வகை) என்றால் எம்டியு 1492. சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் பிங்கில் துண்டாக்காதே என்ற குறியோடு 1464 பைட் அனுப்புங்க. அது போய், 1472 போகாவிட்டால் ரூட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) 1452 என்று வைத்துவிடுங்க. ஐசிஎம்பி-யை (பிங்கும் பிழைச் செய்தியும் போகும் வழி) முழுசாக அடைத்து வைத்த ஃபயர்வாலுக்குப் பின்னால்தான் இந்தத் தொல்லை அதிகம்.

மேல மாசி வீதி:
அளந்துவிட்டேன் அண்ணே. 20-க்கு உள்ளேயே 941. 20-லிருந்து 10-க்கு 27, திருப்பி அளந்தால் 29. இன்டர்நெட்டும் கிட்டத்தட்ட 28. டூப்ளெக்ஸ் இரு முனையிலும் ஃபுல், சிஆர்சி பூஜ்யம். ரூட்டர் சிபியு பத்து சதவீதம்கூடத் தொடவில்லை. ரூட்டருக்குப் போகும் போர்ட்டில் மட்டும் வேகம் 100 என்று காட்டுகிறது. ஆனால் அப்படிப் பார்த்தாலும் 94 வரணுமே?

கே.கே. நகர்:
மீதி 64-ஐ கேமரா எடுத்துக்கொள்கிறது. 16 கேமரா, ஒவ்வொன்றுக்கும் 4 எம்பிபிஎஸ் என்று வைத்துப் பாருங்க. கேமரா 30-ல், பதிவுப் பெட்டி 10-ல். அந்த 64-ம் டிரங்கில் ஏறி ரூட்டருக்குப் போய் அதே டிரங்கில் இறங்குகிறது, இரவு பகலாக. உங்கள் ஃபைலுக்கும் இன்டர்நெட்டுக்கும் மிஞ்சுவது முப்பதுக்குள். 10-ல் உள்ளவர்களுக்கு சர்வர் மட்டும் வேகமாகத் தெரிவதும் இதனால்தான்: அவர்கள் டிரங்கைத் தொடாமலே சர்வருக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டு வேலை இருக்கிறது. ரூட்டர் போர்ட்டும் கிகாபிட்தான் என்றால் அந்தக் கேபிளில் ஒரு ஜோடி போயிருக்கும். 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்தால் இணைப்பு செத்துப்போகாமல் 100-க்கு இறங்கி ஓடும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா பாருங்க. அறுத்து புது கனெக்டர் அடிக்கும்போது இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீங்க. மாசி வீதிப் பழைய கட்டடம் என்கிறீங்க, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலி கடித்திருக்கிறதா என்றும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்க. கடித்திருந்தால் நடுவில் ஒட்டுப் போட வேண்டாம், முழுக் கேபிளையும் மாற்றுங்க.

அடுத்தது, பதிவுப் பெட்டியை 30-க்கு மாற்றுங்க. கேமரா ஓட்டம் சுவிட்சுக்குள்ளேயே முடிந்துவிடும், யாராவது காட்சியைத் திறந்து பார்க்கும்போது மட்டும் டிரங்கைத் தாண்டும். 10-லிருந்து அந்தப் பெட்டியின் ஐபி-க்கும் அதன் போர்ட்டுகளுக்கும் மட்டும் அனுமதி கொடுங்க. செல்போனில் பார்ப்பவர்களுக்காகப் பெட்டிக்கு மட்டும் இன்டர்நெட், கேமராக்களுக்கு வேண்டாம். அப்படி அடைத்தால் கேமராக்களின் கடிகாரம் தப்ப ஆரம்பிக்கும். அவற்றின் என்டிபி (நேரம் கொடுக்கும் சர்வர்) முகவரியாகப் பெட்டியின் ஐபி-யையே கொடுத்துவிடுங்க.

மேல மாசி வீதி:
பழுப்பு ஜோடிதான் அண்ணே. ரேக் கதவு இடுக்கில் கேபிள் நசுங்கி இருந்தது. மாற்றியதும் போர்ட் 1000 காட்டுகிறது, 20-லிருந்து 10-க்கு 870. பெட்டியை 30-க்கு மாற்றிய பிறகு 936.

கப்பலூர்:
மாற்றிய கேபிள் முழுச் செம்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்க தம்பி. டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் கடைக்காரர் எதிரிலேயே ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டணும். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கும்போதே இலேசாக இருக்கும். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் போவதால் நீளம் கூடக் கூட வோல்டேஜ் சரியும், வளைத்த இடத்தில் முறியும். கேமராக்கள் ராத்திரியில் மட்டும் அணைந்து எரிந்தால், இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது மின்சாரம் போதவில்லை என்று புரிந்துகொள்ளுங்க. சுவிட்சில் எஸ்என்எம்பி (கண்காணிப்பு வசதி) இருந்தால், டிரங்க் போர்ட் 1000-க்குக் கீழே இறங்கினால் உங்களுக்கு மெயில் வரும்படி வைத்துவிடுங்க.