ஃபார்வர்டு செய்யும் மெயிலெல்லாம் முதலாளி பெயரிலேயே போய் ஏறுகிறது

லீபஜார்_ஆபீஸ்:
வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்தக் கடையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். இந்தூர், புனே பார்ட்டிகள் ரேட் கேட்டும் சாம்பிள் கேட்டும் முதலாளியின் ஜிமெயிலுக்குத்தான் எழுதுவார்கள், அவர் போனிலிருந்தே அதை எங்கள் சிஆர்எம் (ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு பக்கம் வைத்து அவர் மெயில், ஆர்டரையெல்லாம் சேர்த்து வைக்கும் மென்பொருள்) கொடுத்திருக்கும் முகவரிக்கு ஃபார்வர்டு செய்துவிடுவார். மெயில் உள்ளே வருகிறது. ஆனால் அந்தந்த பார்ட்டியின் பக்கத்தில் சேராமல் பாதிக்கு மேல் முதலாளி பெயரில் ஏறுகிறது, மீதி எதிலும் ஒட்டாமல் தனியாகக் கிடக்கிறது. சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிவிடுவதே வேலையாகிவிட்டது. ஒரே பார்ட்டி ஜவ்வரிசியும் வாங்குகிறார், ஸ்டார்ச்சும் வாங்குகிறார் என்றால் எந்த மெயில் எந்த ஆர்டருக்கு என்பது அடுத்த தலைவலி. தானாகச் சேர வழி இருக்கிறதா?

அஸ்தம்பட்டி_சர்வர்:
கையால் ஃபார்வர்டு செய்தாலே அனுப்புநர் இடத்தில் முதலாளி முகவரி வந்துவிடும். பார்ட்டியின் முகவரி மெயிலுக்குள்ளே, ‘ஃபார்வர்டட் மெசேஜ்’ கோட்டுக்குக் கீழே, வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். மென்பொருள் அதைப் படித்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹப்ஸ்பாட் மாதிரி சில சிஆர்எம்களில் உள்ளே முதலில் வரும் முகவரியைத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் முதலாளி போனில் மெயிலோடு தானாக விழும் கையெழுத்தில் (சிக்னேச்சர்) அவர் மெயில் முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது கோட்டுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், பார்ட்டி முகவரி இரண்டாவதாகிவிடும். இன்னொன்று, பிசிசிக்கு (நாம் எழுதும் மெயிலின் நகலை மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பும் இடம்) ஒரு முகவரி, ஃபார்வர்டுக்கு வேறு முகவரி என்று தனித்தனியாகக் கொடுப்பதும் உண்டு. பிசிசி முகவரிக்கு ஃபார்வர்டு செய்தால் அது பெறுநர் இடத்தில் ஆளைத் தேடும், அங்கே பார்ட்டி எங்கே இருக்கிறார்?

ஏற்காடு_காப்பி:
இவ்வளவு பாடு எதற்குங்க. ஜிமெயிலில் ஃபில்டர் போட்டுத் தானாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படிப் போனால் அனுப்புநர் மாறாது.

அஸ்தம்பட்டி_சர்வர்:
அனுப்புநர் மாறாது, சரி. சிக்கலே அதுதான். இந்த மாதிரி முகவரிகள் பல, சிஆர்எம்மில் கணக்கு உள்ளவர் அனுப்பினால் மட்டுமே வாங்கும், ஸ்பேம் புகாமல் இருக்க. இந்தூர்காரர் பெயரிலேயே போனால் வெளியாள் என்று தள்ளிவிடும், தள்ளியது உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. அதற்குப் பதில் ஜிமெயிலையே சிஆர்எம்மோடு இணைத்துவிடலாம், ஃபார்வர்டே வேண்டாம். ஆனால் முதலாளியின் சொந்த மெயிலை இணைத்தால் வீட்டு விஷயம், பேங்க் விஷயம் எல்லாம் ஆபீஸ் பார்வைக்கு வந்துவிடலாம். விற்பனைக்கென்று தனி மெயில் வைத்து அதை இணைப்பதுதான் நல்லது, பார்ட்டிகளைப் புது முகவரிக்குப் பழக்க கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

ஐந்துரோடு_கணக்கர்:
ஆர்டர் விஷயத்துக்கு வருகிறேன். முகவரியை வைத்து ஆளைத்தான் கண்டுபிடிக்க முடியும், அந்த ஆளின் எந்த ஆர்டர் என்பது முகவரியில் இல்லை. பைப்டிரைவ் என்ற சிஆர்எம்மில் ஒவ்வொரு டீலுக்கும், அதாவது ஒவ்வொரு வியாபாரத்துக்கும், தனி பிசிசி முகவரி கொடுக்கிறார்கள், பதில் எழுதும்போது அதைச் சேர்த்தால் சரியான இடத்தில் விழும். உங்களுடையதில் அப்படி இருக்கிறதா பாருங்கள். ஒரு பார்ட்டிக்கு இரண்டு மெயில் இருந்தால் இரண்டாவதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் புது ஆளாக இன்னொரு பக்கம் முளைத்துவிடும். புரோக்கர் மூலம் வருவதற்கு மட்டும் மருந்து இல்லை. மெயிலில் இருப்பது புரோக்கர் முகவரி, வாங்குகிறவர் பெயர் உள்ளே ஏதோ ஒரு வரியில். முகவரி பார்த்துச் சேர்க்கும் மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? அதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

லீபஜார்_ஆபீஸ்:
நன்றி சார். கையெழுத்தில் கடை மெயில் இருந்தது, எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு வந்த புனே மெயில் சரியான பக்கத்திலேயே ஏறியிருக்கிறது. தனி மெயில் பற்றி முதலாளியிடம் பேச வேண்டும், போனில் இன்னொரு மெயிலா என்பார். ஏற்கெனவே அவர் பெயரில் ஏறிக் கிடப்பதெல்லாம் தானாக மாறுமா?

அஸ்தம்பட்டி_சர்வர்:
மாறாதுங்க. உள்ளே வரும்போது ஒரு தடவைதான் பார்க்கும். ஆர்டர் முடியாத பார்ட்டிகளுடையதை மட்டும் எடுத்து மாற்றுங்கள், முடிந்தது கிடந்துவிட்டுப் போகட்டும்.